இரவல் நேரத்தில் ஒரு சட்டப் படிப்பு



உத்தியோகம் பார்த்துக்கொண்டு, குடும்பத்தையும் தாங்கிக்கொண்டு, முப்பத்தைந்து நாற்பது வயதிலே பகுதிநேரமாகச் சட்டம் படிக்கப் புறப்படுகின்ற ஒருவர் சரியான காரியம் செய்கின்றாரா? எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இந்தக் கேள்வி இன்று பல வீடுகளில் எழுகின்றது. ஆசிரியர், எழுதுவினைஞர், கிராம சேவை உத்தியோகத்தர், வங்கி ஊழியர் என்று பலர் திறந்த பல்கலைக்கழகத்தின் விண்ணப்பப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கின்றார்கள். யோசிப்பவரை வீட்டார் ஒரு மாதிரியாகவும் அயலார் வேறொரு மாதிரியாகவும் பார்க்கின்றார்கள். "இந்த வயதில் உனக்கு என்ன கறுப்புக் கோட்டு ஆசை?" என்று கேட்பவர்களும் இல்லாமல் இல்லை. கேலியை ஒருபுறம் ஒதுக்கிவிட்டுக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதிலே நியாயம் உண்டு.

முதலில் பாதையைச் சற்றே பார்த்துக்கொள்வது நல்லது. நமது நாட்டில் சட்டக் கல்லூரி 1874ஆம் ஆண்டு முதல் கொழும்பிலே இயங்கி வருகின்றது. திறந்த பல்கலைக்கழகம் 1980இல் தொடங்கப்பட்டது. அது தோன்றிய பின்னர், வேலையை விடாமல், வீட்டை விட்டுப் பெயராமல், பாடநூல்களைப் பெற்றுத் தாமாகவே படித்துச் சட்டமாணிப் பட்டம் பெறும் வழி நம்மவர்க்குத் திறந்தது. மட்டக்களப்பிலும் அதற்கு ஒரு நிலையம் உண்டு. ஆனால், பட்டம் பெற்ற மறுநாளே நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாதாட முடியாது. சட்டக் கல்லூரியின் பரீட்சைகளைத் தாண்டி, அனுபவமுள்ள ஒரு சட்டத்தரணியின் கீழ்ப் பயிற்சியும் முடித்து, உயர் நீதிமன்றத்திலே சத்தியப்பிரமாணம் செய்தால்தான் சட்டத்தரணி. 1974ஆம் ஆண்டுக்கு முன்னர் அப்புக்காத்து, பிரக்கிராசி என்று இரு வகையினர் இருந்தார்கள். 1973ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டம் அவ்விரு பெயர்களையும் ஒன்றாக்கியது. ஊரிலே மூத்தவர்கள் இன்றும் "பிரக்கிராசியார்" என்றே சொல்லுகின்றார்கள். அந்தச் சொல்லுக்கு இருக்கும் கனம் புதிய சொல்லுக்கு இன்னும் வரவில்லைப் போலும்.

ஆக, மாலையும் இரவும் வார இறுதியும் பல ஆண்டுகள் இதற்கே போகும். அந்த நேரம் யாருடையது?

நேரம் என்னுடையது, நான் விரும்பியபடி செலவழிப்பேன் என்று எவரும் இலகுவிற் சொல்லிவிடலாம். திருமணம் செய்தவருக்கும் சம்பளம் வாங்குபவருக்கும் அது உண்மையல்ல. அவர்களுடைய நேரத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே வாக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. வேலை நேரம் கச்சேரிக்கோ பாடசாலைக்கோ வாக்களிக்கப்பட்டது. அதற்குரிய கூலி மாதமுடிவிலே கையில் வந்துவிடுகின்றது. எனவே, மேசையில் கோப்பைத் திறந்து வைத்து அதற்குள்ளே ஒப்பந்தச் சட்டப் பாடக் குறிப்பை வைத்து வாசிக்கின்ற உத்தியோகத்தர் படிக்கவில்லை, திருடுகின்றார். கொக்கட்டிச்சோலையிலிருந்து விடியற்காலையிற் புறப்பட்டு வந்து, வரிசையிலே நிற்கும் ஒரு விதவையின் ஒரு மணித்தியாலத்தை அவர் எடுத்துக்கொள்கின்றார். நீதியைப் பற்றிப் படிப்பதற்காக அநீதி செய்வது எவ்வளவு விநோதமான காரியம்! இது சிறிய விடயம் என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பகுதிநேரப் படிப்பின் முதற் பரீட்சை, பரீட்சை மண்டபத்தில் அல்ல, அலுவலக மேசையிலே நடக்கின்றது.

வீட்டு நேரம் இதனிலும் சிக்கலானது. அலுவலகத்துக்குக் கொடுத்த வாக்கிற்கு மணிக்கூடு உண்டு; வீட்டிற்குக் கொடுத்த வாக்கிற்கு மணிக்கூடு இல்லை. பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது, காய்ச்சலில் கிடக்கும் மாமியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது, மனைவி அன்று நடந்ததைச் சொல்லும்போது காது கொடுத்துக் கேட்பது ஆகியவற்றுக்கெல்லாம் நேரசூசி கிடையாது. இவற்றிலிருந்துதான் படிப்பவர் நேரத்தை இரவல் வாங்குகின்றார். இரவல் வாங்குவது தவறல்ல. நம்மூரில் உலக்கையும் சுளகும் நெல்லும் இரவல் போய் வராத வீடு எது? ஆனால், இரவல் என்றால் கேட்டு வாங்க வேண்டும். வாங்கியதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஏதோ ஒரு வடிவிலே திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். கேளாமல் எடுத்துவிட்டு, "உங்களுக்காகத்தானே படிக்கிறேன்" என்று பின்னர் சொல்வது இரவல் அல்ல.

இங்கே மட்டக்களப்பாருக்கு இன்னுமொரு விசேடம் உண்டு. நமது பகுதியில் வீடு பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கப்படுவது. ஆகவே, கணவன் இரவு இரவாக விளக்கை எரித்துப் படிக்கின்ற அந்த அறை, நியாயமாகப் பார்த்தால், மனைவியின் வீட்டு அறை. அவளிடம் உத்தரவு கேட்பது அவருடைய மரியாதைக்குக் குறைவாகாது.

இந்த இடத்திலே பெரியோர்களின் உதாரணத்தைக் கொண்டுவந்து வாதத்தை முடித்துவிடுவது நமது வழக்கம். காரைதீவிலே 1892இல் பிறந்து, மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலே கற்ற மயில்வாகனனார், பின்னாளில் சுவாமி விபுலாநந்தர், ஆசிரியத் தொழில் பார்த்துக்கொண்டே 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலே தேறினார். லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தையும் வெளிவாரியாகவே பெற்றார். பேராசிரியப் பதவி வந்தது அதன் பின்னர்தான். சட்டத்துறையிலே தந்தை செல்வநாயகம் அவர்களைச் சொல்லலாம். 1918இல் லண்டன் வெளிவாரிப் பட்டம் பெற்ற அவர், கொழும்பு வெஸ்லி கல்லூரியிலே மாணவர்களுக்கு விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டே சட்டம் படித்து அப்புக்காத்தானார். சிவில் வழக்குகளில் நாட்டின் முன்னணி அப்புக்காத்துகளில் ஒருவராக உயர்ந்தார். இவையெல்லாம் உண்மை. ஆனால், நேர்மையாகச் சொல்வதானால், இந்த உதாரணங்கள் நம்முடைய கேள்விக்கு விடையாகமாட்டா. சுவாமி அவர்கள் துறவி. செல்வநாயகம் அவர்கள் திருமணம் செய்தது 1927இல், அப்புக்காத்தான பின்னர். இருவருமே தங்கள் சொந்த நேரத்தைச் செலவழித்தார்கள். மனைவி மக்களின் நேரத்தைச் செலவழிப்பவர் அவர்களைக் காட்டித் தப்ப முடியாது. உழைத்துக்கொண்டே படிக்க முடியும் என்பதை அவர்கள் காட்டினார்கள். படிக்கலாமா என்பதைக் காட்டவில்லை.

விடையை வேறிடத்தில் தேட வேண்டும். சட்டம் என்கின்ற படிப்பின் இயல்பிலே தேட வேண்டும் என்று நினைக்கிறேன்.

கணக்கியல் படித்தால் ஒருவர் தம் நிலையை உயர்த்திக்கொள்ளலாம். சட்டமும் அப்படித்தான் என்று பலர் எண்ணுகின்றார்கள். ஆனால், சட்டத்துக்கு ஒரு தனிக்குணம் உண்டு. அது அறிந்தவனையும் அறியாதவனையும் ஒரே விதமாகக் கட்டுகின்றது. மருத்துவம் தெரியாதவனை எவரும் அதற்காகத் தண்டிப்பதில்லை. "சட்டம் எனக்குத் தெரியாது" என்று நீதிமன்றத்திற் சொன்னால் அது சாக்காகாது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே வாழ்ந்த புனித தோமா அக்குவினாஸ், சட்டம் எது என்று வரையறுக்கும்போது நான்கு அம்சங்களைக் கேட்கின்றார். அது நியாய அறிவின் ஏற்பாடாக இருக்க வேண்டும். பொது நன்மைக்கானதாக இருக்க வேண்டும். சமூகத்தின் பொறுப்பை உடையவரால் இயற்றப்பட வேண்டும். மக்களுக்கு அறிவிக்கப்பட வேண்டும். குருமடத்திலே இதைப் படிக்கும்போது கடைசி அம்சத்தை ஒரு சம்பிரதாயம் என்று கடந்துபோவது இலகு. இந்த வாவிக்கரையிலே சில ஆண்டுகள் பணியாற்றினால் அதுதான் முதல் அம்சமாகத் தெரிகின்றது. வர்த்தமானியிலே அச்சிட்டால் அறிவித்ததாகிவிடுமா? மண்டூரிலே வேளாண்மை செய்யும் ஒருவருக்கு எது எட்டுகின்றதோ, அதுவல்லவா அறிவித்தல்?

நமது பகுதியின் சரித்திரமே இதற்குச் சாட்சி. மட்டக்களப்பிலே முன்னொரு காலத்தில் முக்குவர் சட்டம் என்று ஒன்று வழங்கியது. சொத்துப் பெண்வழியாக இறங்கும். ஒருவனுடைய முதுசத்துக்கு அவனுடைய சகோதரியின் மக்கள் உரித்தாளர் ஆவார்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லாமல் ஊர்ப் பெரியவர்களின் வாயிலும் குடி வழக்கத்திலும் அது வாழ்ந்தது. கிறிஸ்தோபர் பிரிட்டோ என்கின்ற அப்புக்காத்து அதனை ஆங்கிலத்திலே நூலாக எழுதி வெளியிட்டது 1876ஆம் ஆண்டு. அதே ஆண்டிலேதான் விவாக உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டு, முக்குவர் சட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. எழுதி வைக்கப்பட்ட ஆண்டே இறந்த ஆண்டுமாயிற்று! அன்றிலிருந்து, மரணசாசனம் எழுதாமல் ஒருவர் இறந்தால் அரைப்பங்கு உயிரோடிருக்கும் துணைக்கும், மீதி பிள்ளைகளுக்கு ஆண் பெண் வேறுபாடின்றிச் சமமாகவும் போகும். யாழ்ப்பாணத்தாருக்கு 1707இல் ஒல்லாந்தர் எழுதுவித்த தேசவழமை இன்றும் உண்டு. அது நமக்குப் பொருந்தாது. இதைக்கூடத் தெரியாமல் தேசவழமையின் பேரிலே சகோதரர்கள் சண்டையிடுவதை நான் கேட்டிருக்கிறேன்.

ஏட்டிலே சட்டம் மாறியதேயன்றி முற்றத்திலே வழக்கம் மாறவில்லை. மகளுக்குத்தான் வீடு என்று இன்றும் கொடுக்கின்றோம். எப்படிக் கொடுக்கின்றோம்? பந்தலிலே, நாலுபேர் முன்னிலையிலே, வாயாற் சொல்லிக் கொடுக்கின்றோம். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடைக் கட்டளைச் சட்டமோ, காணி கைமாறுவதானால் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு உறுதி எழுதப்பட வேண்டும் என்கின்றது. நாலு பேர் அல்ல, நாலாயிரம் பேர் கேட்டிருந்தாலும் வாய்ச்சொல் உறுதியாகாது. தகப்பன் கண்ணை மூடிய பின்னர், இருபது வருடம் அந்த வீட்டிலேயே இருந்து பிள்ளை பெற்று வளர்த்த மகள் தமையன்மாரோடு வழக்கிலே நிற்க வேண்டி வருகின்றது. அவளுக்கு ஒரு நியாயமுமில்லை என்பதல்ல. பத்து வருட ஆட்சியுரிமை என்று ஒன்றைக் காட்டலாம். ஆனால், குடும்பத்துக்குள்ளே அதனை நிரூபிப்பது இலேசான காரியமல்ல. கல்யாணத்துக்கு முதல்வாரம் யாரேனும் ஒருவர் "நொத்தாரிசிடம் போய் வாருங்கள்" என்று சொல்லியிருந்தால் போதும். அந்த வழக்கு பிறந்தேயிராது.

அரசாங்க அனுமதிப்பத்திரக் காணிகளில் இது இன்னும் கடுமையாக இருந்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி, காணிக்காரர் பின்னுரிமையாளரைப் பெயர் குறிக்காமல் இறந்து, வாழ்க்கைத் துணையும் இல்லாவிட்டால், அட்டவணையிலே மகன் முதலாவது, மகள் அதன் பின்னர். பெண்ணுக்கு வீடு கொடுப்பதையே தர்மமாகக் கொண்ட ஒரு மக்கள்மீது, ஆணுக்குத்தான் காணி என்கின்ற சட்டம் எத்தனையோ ஆண்டுகள் மௌனமாக இருந்தது. 2022இல்தான் திருத்தச் சட்டம் வந்து அந்தப் பாகுபாட்டை நீக்கியது. எத்தனை மகள்மார் இடையிலே வீட்டை விட்டு எழும்பினார்களோ! பெயர் குறிக்கும் படிவம் ஒன்றை உரிய காலத்திலே நிரப்பியிருந்தால் அவர்களிற் பலர் தப்பியிருப்பார்கள்.

இவற்றோடு 1978 நவம்பர்ச் சூறாவளியையும், போர்க்கால இடப்பெயர்வுகளையும், 2004 டிசம்பர் ஆழிப்பேரலையையும் சேர்த்துப் பாருங்கள். கல்லடியிலும் நாவலடியிலும் எத்தனையோ உறுதிகள் கடலோடு போயின. உறுதி போனாற் காணியே போய்விட்டது என்று ஏங்கியவர்கள் பலர். நொத்தாரிசு எழுதிய உறுதியின் இரட்டைப்படி காணிப் பதிவகத்துக்குப் போகும். பிரதி எடுக்கலாம் என்பது ஒரே ஒரு வசனம். அந்த ஒரு வசனம் தெரிந்த ஒருவர் அகதி முகாமில் இருந்திருந்தால் எத்தனை பேருடைய நித்திரை திரும்பியிருக்கும்! இடம்பெயர்ந்திருந்த காலத்திலே தம் காணியில் வேறொருவர் பத்தாண்டு குடியிருந்துவிட்டால் உரிமை கேட்க முடியாமற் போகுமே என்று அஞ்சியவர்களுக்காக, 1983 மே மாதம் தொடக்கம் 2009 மே மாதம் வரையான காலத்தைக் கணக்கில் எடாதபடி 2016இல் ஒரு விசேட சட்டம் இயற்றப்பட்டது. அதே ஆண்டிலே, காணாமற்போனவர்களின் குடும்பத்தார் மரணச் சான்றிதழ் வாங்க நிர்ப்பந்திக்கப்படாமல், காணாமற்போனார் என்பதற்கே ஒரு சான்றிதழ் பெறும் ஏற்பாடும் வந்தது. இவை நல்ல சட்டங்கள். வந்த செய்தி வர வேண்டிய வீடுகளுக்கு வந்ததா?

இப்போது, வாசகரே, முதற் கேள்விக்கு ஒரு விடை தென்படுகின்றது. பகுதிநேரமாகச் சட்டம் படிப்பவர், சட்டத்தின் நாலாவது அம்சத்தை நிறைவேற்றக்கூடிய இடத்திலே இருக்கின்றார். அவர் கொழும்புக்குப் பெயர்ந்துவிடவில்லை. மண்முனைத் துறையில் 2014இல் பாலம் திறக்கப்படும்வரை பாதையிலே ஏறி வாவியைக் கடந்தவர்களில் அவரும் ஒருவர். யார் வீட்டில் எந்தக் காணி எப்படிக் கொடுக்கப்பட்டது என்பது அவருக்குத் தெரியும். சட்டத்தரணியிடம் போகப் பணமில்லாதவரும், 1978இல் உருவான சட்ட உதவி ஆணைக்குழுவின் பெயரையே கேள்விப்படாதவரும் அவரிடம் வேலியருகே நின்று பேசுவார்கள். இந்தக் காரணத்துக்காக இரவல் வாங்கப்படும் நேரம் திருப்பிக் கொடுக்கப்படும் நேரம். கொடுப்பது வீட்டாருக்கு மட்டுமல்ல என்பதையும் வீட்டார் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். பின்னர் திண்ணையிலே ஆட்கள் வந்து குந்தும்போது மனைவி முகம் சுளிக்கக் கூடாதல்லவா!

நிற்க. இதிலே ஓர் ஆபத்தும் உண்டு. அயலவருக்குத் தெரியாததைத் தெரிந்தவன் அவருக்கு ஊழியனாகலாம், எசமானுமாகலாம். வேலி வழக்கென்றால் "நான் சட்டம் படித்தவன்" என்று மார்தட்டுவதும், அரைகுறையாக ஆலோசனை சொல்லி நல்ல வழக்கைக் கெடுப்பதும், சத்தியப்பிரமாணம் செய்யாமலே கட்டணம் வாங்கிக்கொண்டு பத்திரம் எழுதுவதும் நடக்காத காரியங்கள் அல்ல. கடைசியாகச் சொன்னது சட்டப்படியே குற்றம். தெரிந்ததைச் சொல்வதும், தெரியாத இடத்திலே "நல்ல சட்டத்தரணியிடம் போங்கள்" என்று நிறுத்திக்கொள்வதும் வேறு வேறு பயிற்சிகள். இரண்டாவதைப் பாடநூல் கற்பிப்பதில்லை. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபைகளிலே கட்சிக்காரருக்காகச் சட்டத்தரணிகள் தோன்ற முடியாது என்று வைத்திருப்பதிலே ஒரு ஞானம் இருக்கின்றது. சில பிணக்குகளில் சட்டம் தெரிந்தவர் வாயை மூடிக்கொண்டிருப்பதே உதவி.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020 டிசம்பரில் வெளியான வர்த்தமானி அறிவித்தல் ஒன்று சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்திலேயே நடத்த வழிசெய்தது. சிங்களம், தமிழ் மாணவர்களின் எதிர்ப்புக்குப் பின், 2023 மார்ச் மாதம் நாடாளுமன்றம் அந்த ஒழுங்குவிதிகளைத் தோற்கடித்தது. ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். தீர்ப்புகளும் பழைய நூல்களும் பெரும்பாலும் அதிலேதான் இருக்கின்றன, அதைத் தவிர்ப்பவர் பாதிச் சட்டத்தைத் தவிர்க்கின்றார். ஆயினும், கன்னங்குடாக் கிழவிக்கு எதைச் சொல்லப் போகின்றோமோ அதைத் தமிழிலே எண்ணிப் பழகியிராதவர், பட்டம் பெற்ற பின்னும் அவளோடு பேச மாட்டார். பேசினால் அவளுக்கு விளங்காது. விளங்கவில்லை என்று சொல்ல அவள் வெட்கப்படுவாள்.

இவ்வளவு நேரமும் படிப்பவர் ஆண் என்றே வைத்துப் பேசிவிட்டேன். பெரும்பாலான வீடுகளில் கேள்வி அப்படித்தான் எழுகின்றது. ஆனால், விண்ணப்பிப்பவர்களில் ஆசிரியைகளும் தாதியரும் இருக்கின்றார்கள். கணவன் படிக்க விரும்பினால் வீடு யோசிக்கின்றது. மனைவி படிக்க விரும்பினால் வீடு மறுக்கின்றது. அவளுடைய நேரம் முழுவதும் பிறருடையது என்று எவரும் எழுதிக் கொடுக்காத ஓர் உறுதி எல்லாரிடமும் இருக்கின்றது போலும். உறுதியின்றிக் காணியை இழக்கின்ற பெண்கள் நிறைந்த ஊரிலே, சட்டம் தெரிந்த ஒரு பெண்ணிடந்தான் இன்னொரு பெண் தன் வீட்டுக் கதையை முழுவதுமாகச் சொல்வாள். ஒரு கணவன் அடுப்படியில் நின்று புட்டவித்தால் அந்தப் பரீட்சையின் ஒரு பாடத்தை அவனே எழுதியதாகக் கொள்ளலாம்.

இறுதியாக, தொடங்கிவிட்டு நிறுத்தியவர்களைப் பற்றி. பகுதிநேரப் படிப்பிலே இவர்கள் பலர். பிள்ளைக்கு நோய், இடமாற்றம், பணமுடை, அல்லது வெறும் களைப்பு. இரண்டாம் ஆண்டோடு புத்தகங்கள் அலுமாரிக்குள்ளே போய்விடுகின்றன. அதைப் பற்றி அவர்கள் பேசுவதேயில்லை. மற்றவர்கள் கேட்டாற் பேச்சை மாற்றுகின்றார்கள். எடுத்த நேரம் வீணாயிற்று என்று வீட்டாரும் மனதுக்குள்ளே எண்ணுகின்றார்கள். எண்ண வேண்டியதில்லை. காணிச் சட்டப் பாடத்தை ஒருமுறை ஒழுங்காகப் படித்தவருக்கு நொத்தாரிசு உறுதிக்கும் வெள்ளைக் கடதாசியில் எழுதிய கைச்சாத்துக்கும் உள்ள வேறுபாடு மறந்துபோகாது. அடுத்த வைகாசியில் தெருவிலே எந்த வீட்டிற் கல்யாணப் பேச்சு நடக்கின்றது என்பதும் அவருக்குத் தெரியும். பட்டம் இல்லாமலே அவர் அந்த வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே போகலாம்.